வாய் திறக்காத தம்பி

அக்கம்மாளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. கால் மணி நேரமாகப் போன் திரையை மேலேயும் கீழேயும் தள்ளித் தள்ளிப் பார்க்கிறாள். தோட்டத்துத் திராட்சைப் பழம் வெட்ட நாள் குறிக்கிற இடம் கண்ணிலேயே சிக்கவில்லை. எதிரே உட்கார்ந்திருக்கிற அல்தாப் வாயைத் திறக்கணுமே! கல்லுளிமங்கன் மாதிரி பார்த்துக்கொண்டே இருக்கிறான்.

கம்பத்துப் பையன்தான். திராட்சை வாங்குகிற பெரிய கம்பெனியில், செயலி ஜனங்களுக்கு வசதிப்படுதா என்று சோதிக்கிற யூ.எக்ஸ். டீமில் வேலை. அதற்குத்தான் ஓடைப்பட்டிக்கு வந்திருக்கிறான். இதுவரை போன் போட்டுச் சொன்னால் லாரி வந்துவிடும். இனிமேல் செயலியில் குறித்தால்தான் லாரியாம். குறிக்கத் தெரியாவிட்டால் பழமெல்லாம் பந்தலிலேயே அழுக வேண்டியதுதான். வயிறு எரியாதா?

"ஏன் தம்பி, விரலை நீட்டிக் காட்டினா தேஞ்சா போயிரும்?"

பெங்களூரிலிருந்து லேப்டாப்பில் பார்த்துக்கொண்டிருந்த அவன் மேலதிகாரி நாகராஜும், காட்டிவிட்டு வேலையை முடி என்று அதட்டினார்.

"காட்ட மாட்டேன் சார்" என்றான் அல்தாப்.

பெரிய மனுஷரே சொல்லியும் இவனுக்கென்ன வீம்பு? வயிற்றில் அடிக்க வந்த பயல் என்று அக்கம்மாள் ஏசித் தீர்த்துவிட்டாள்.

அல்தாப் மைக்கை அணைத்தான்.

"நான் காட்டிட்டா, நீங்களே கண்டுபிடிச்சதா எழுதச் சொல்வாகக்கா. எங்க டீமே அவருக்குக் கீழதான். இந்தச் செயலியே அவரு செஞ்சது, அதுக்கு நாங்களே நல்ல பேரு எழுதித் தரணும். எழுதின மறுநாளே போன் போட்டு லாரி கூப்பிடுறதை நிறுத்திருவாக. அப்புறம் ஊர்ல மத்தவகளுக்கு யாரு காட்டுவா? முடியலைன்னு எழுதினாத்தான் செயலியைச் சுளுவா மாத்துவாக."

"உன் வேலை?"

"போனாப் போகுதுக்கா."

அக்கம்மாளுக்கு என்னமோ போல ஆகிவிட்டது. இந்தப் பிள்ளையையா இவ்வளவு பேசினோம்?

மைக்கைத் திரும்பப் போட்டதும் நாகராஜே ஆரம்பித்தார்.

"அம்மா, மேலே ஓரத்துல மூணு கோடு இருக்கா? அதை அமுக்குங்க. நாளைக்கு முதல் லாரி உங்களுக்குத்தான்."

இருந்தது. நன்றாகவே தெரிந்தது. விரலும் பக்கத்தில் போய்விட்டது. முதல் லாரி என்றால் சும்மாவா?

அக்கம்மாள் விரலை மடக்கிக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியலைய்யா. நீங்களே கிளம்பி வந்து, ஓடைப்பட்டி முழுக்க வீடு வீடாக் காட்டிட்டுப் போங்க."