எதிர்க்குழாய்

எங்கள் ஊர்ப் பால் சங்கத்தில் பாலைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து மெஷினில் சுற்றுவார்கள். கனமானது ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். கொழுப்பு மட்டும் குழாயின் கழுத்தில் மஞ்சள் கோடாக நிற்கும். கோடு எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்ல பால். மெஷின் ஆடாமலிருக்க ஒரு குழாய்க்கு எதிரே இன்னொன்று வைக்க வேண்டும். என் குழாய்க்கு எதிரே எப்போதும் ராசப்பனுடையதுதான்.

என் மாடுகளுக்கு நாலு ஏக்கர் தீவனப்புல். அவனுடைய ஒற்றை மாட்டுக்கு வாய்க்கால் ஓரத்துப் புல். ஆனாலும் அவன் கோடுதான் நீளம். சோதனை பார்க்கிற அன்புச்செல்வி ஏதோ தில்லுமுல்லு செய்கிறாள் என்று அவள் கையையே பார்த்துக்கொண்டு நிற்பேன். சாவதற்குள் ஒரு நாளாவது அவனை முந்த வேண்டும், அவ்வளவுதான்.

தொண்ணூற்று நாலு ஐப்பசியில் அவன் செத்தான். மாட்டையும் விற்றுவிட்டார்கள். மறுநாள் என் குழாய்க்கு எதிரே வைக்க ஒன்றுமில்லை.

"தண்ணி ஊத்தி வெச்சுக்கலாங்க ஐயா" என்றாள் அன்புச்செல்வி.

"இங்க குடு அம்மணி. நானே ஊத்தறேன். உன்ற கைய நம்ப மாட்டேன்."

தொட்டித் தண்ணீரை நானே ஊற்றி, நானே அடைத்தேன்.

மெஷின் நின்றது. என் கோடு பழையபடியே இருந்தது. தண்ணீர்க் குழாயில் அதைவிட நீளமாக ஒரு மஞ்சள் கோடு.

"ஏனுங்க ஐயா, இத யாரு பேர்ல எழுதட்டுங்க?"

"செத்தும் உட மாட்டானா அவன்!"

அந்தக் குழாயைப் பிடுங்கித் தரையில் கொட்டினேன். வெறும் தண்ணீராகத்தான் ஓடியது. சங்கத்துப் பூனை என் பால் கேனைத் தாண்டி வந்து அதை நக்கியது.