அடுத்த கோடையின் விதை

நோர்வேயில் முதற்பனி விழுந்த அன்று மஞ்சுளாதேவி வெங்காயப் பாத்தியின்மேல் வைக்கோல் பரப்பிக்கொண்டிருந்தாள். மாரிக் குளிர் முழுவதும் மண்ணுக்குள் உயிரோடு கிடந்தால்தான் வெங்காயம் அடுத்த கோடையில் பூத்து விதை தரும்.

“எங்கட அகதி மனுவை நிராகரிச்சுப்போட்டாங்கள். கோடைக்கு நாங்கள் இஞ்ச இருக்கமாட்டம். பேசாமல் பிடுங்கிச் சமைச்சுப்போடும்,” என்றான் கணவன் தயாபரன்.

அவள் இன்னொரு பிடி வைக்கோலை எடுத்துப் பரப்பினாள். வைக்கோல் தீர்ந்ததும் வேலியோரம் போய்ப் பக்கத்து வீட்டு இங்க்ரிடைக் கூப்பிட்டாள். பனி உருகியதும் வைக்கோலை நீக்க வேண்டும், பூ காய்ந்து கறுத்த விதை தெரிந்ததும் கொய்ய வேண்டும் என்று தனக்குத் தெரிந்த அரைகுறை நோர்வே மொழியில் விளக்கினாள்.

இங்க்ரிட் சிரித்தாள். “இதை ஏன் எனக்குச் சொல்கிறாய்? நீதானே செய்யப்போகிறாய்?”

மஞ்சுளாதேவி ஆமென்று தலையாட்டினாள். பிறகு முதலிலிருந்து மறுபடி விளக்கத் தொடங்கினாள்.