நெருப்புக் குடுவை

கரையில் நெருப்பு என்று ஒன்று இருக்கிறதாம், அது கல்லையும் உருக்குமாம் என்று கடலடியில் பேச்சு அடிபட்டது. அதைக் கொண்டுவரச் சங்கில் ஒரு குடுவை செய்தவர் வலம்புரியார். கரையை அவர் கண்டதே இல்லை. போய்வந்தவன் நுரையன். செவுள் காயாமலிருக்கச் சுறாத்தோல் பையில் தண்ணீர் நிரப்பிக் கழுத்தில் கட்டிக்கொண்டு போனான்.

சபை நடுவே, கொழுப்பு வைத்து அடைத்திருந்த குடுவையை அவன் மனைவி பாசி திறந்தாள். ஒரு குமிழும், அதன் பின்னால் ஒரு கரித்துண்டும் கிளம்பி, ஒருவரையும் மதிக்காமல் மேலே மிதந்து போயின.

"நெருப்பு எங்கடா?" வலம்புரியார் நுரையனைக் கேட்டார்.

"அடைக்கிறப்ப இருந்துச்சுங்கய்யா. செவப்பா, கண்ணு மாதிரி முழிச்சுக்கிட்டு."

"வழியில தின்னுட்டியா?"

திருடியவனைப் பையில்லாமல் கரையில் விட்டுவருவது அங்கே வழக்கம். பாசிக்குச் செவுள் விடைத்தது. புருஷனின் வலது கையைப் பிடித்துச் சபைக்கு நேராக நீட்டினாள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தோல் உரிந்து தொங்கியது.

"தின்னிருந்தா வாயில்ல புண்ணாயிருக்கும்? கையப் பாருங்க."

வலம்புரியார் கிட்டே வந்து நிதானமாகப் பார்த்தார்.

"பிடிக்கிற விதம் சரியில்ல. அடுத்த தடவ ரெண்டு கையாலயும் பிடிக்கச் சொல்லு."

பாசி குடுவையை அவர் முன்னால் நீட்டினாள்.

"உங்களுக்கும் ரெண்டு இருக்கேய்யா."

வலம்புரியாரின் கைகள் மெல்ல முதுகுக்குப் பின்னால் போயின. அவள் நீட்டிய கையை மடக்கவில்லை.