மளிகைக் கடையின் சம்மதம்

"எல்லாத்துலயும் சேர்த்துடுங்கம்மா. எதையும் விட்டுடாதீங்க."

மளிகைக் கடையின் கல்லாவில் அமர்ந்திருந்தவர் இவ்வாறு கூறியதும், டேப்லெட்டின் மேல் இனியாவின் விரல் அப்படியே நின்றுவிட்டது.

சிறு வணிகங்களுக்கு உதவும் அரசு அலுவலகம் ஒன்றில் அவள் பயிற்சி மாணவி. லிட்டில் இந்தியாவின் கடைக்காரர்களை இணைய விற்பனைத் திட்டத்தில் சேர்ப்பது அவளுக்கு அளிக்கப்பட்ட பணி. சென்ற கடைகளில் எல்லாம் அவளுக்கு மரியாதையாகத் தேநீர் தரப்பட்டது. மறுப்பும் மரியாதையாகவே தரப்பட்டது. இன்று வெள்ளிக்கிழமை, பயிற்சியின் கடைசி நாள். ஒரு கடையாவது சேராவிட்டால் அவள் தேர்ச்சி பெற்றதாக எழுத இயலாது என்று மேலதிகாரி ரமணன் வருத்தத்துடன் தெரிவித்திருந்தார்.

ஆயினும், உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவதே முறை என்று அவள் எண்ணினாள்.

"அங்கிள், இதுல கிளாஸ் இருக்கு. ஆறு சனிக்கிழமை. காலைல எட்டு மணிக்கு."

"எங்க?"

"பாசிர் ரிஸ்ல."

"நல்ல தூரம்," என்றார் அவர் திருப்தியுடன். "போட்டுக்கோங்க."

"கட்டாயம் வரணும் அங்கிள். பாதியில நிறுத்த முடியாது."

"நிறுத்தவே விடாதீங்க."

பேச்சினூடே அவருடைய விரல்கள் பொட்டலம் கட்டும் நூலில் நெருக்கமாக முடிச்சுகள் போட்டுக்கொண்டே இருந்தன. வாரந்தோறும் அதிகாரி ஒருவர் வந்து விற்பனை குறித்துக் கேள்விகள் கேட்பார் என்று இனியா எச்சரித்தாள். கூட்டம் மிகுந்த மாலை வேளையில் வந்தால் சிறப்பாக இருக்கும் என்று அவர் யோசனை கூறினார். கடையில் உள்ள ஒவ்வொரு பொருளையும் படம் எடுத்து இணையத்தில் ஏற்ற வேண்டும் என்றாள். பருப்பு வகைகளைத் தனித்தனியாக எடுப்பதே நியாயம் என்று அவர் கருத்துத் தெரிவித்தார்.

இடையில் ஒரு பெண்மணி வந்து சோம்பு கேட்டார். கல்லாவில் இருந்தவர் வரிசையாகச் சில டப்பாக்களைத் திறந்து, முகர்ந்து பார்த்து, ஒருவழியாக எடுத்துக் கொடுத்தார். கடையின் தொலைபேசி எண்ணை இனியா கேட்டபோது, காகிதப் பை ஒன்றைத் திருப்பி, அதில் அச்சிடப்பட்டிருந்ததைப் படித்துச் சொன்னார். இத்தகையவருக்கே இத்திட்டம் மிகவும் தேவை என்று இனியா மனம் நெகிழ்ந்தாள்.

"அப்புறம் வேணாம்னு சொல்லிட மாட்டீங்களே அங்கிள்? எனக்கு இந்த ஒரு கடைதான்."

"இந்தத் தெருவுல கல்லாவுல உட்கார்ந்தவங்க சொன்னா, கடையே சொன்ன மாதிரிலா. யாரும் மாத்த மாட்டோம்."

அவள் பதிவை அனுப்பினாள். ஏற்றுக்கொள்ளப்பட்டது என்று திரை தெரிவித்தது.

அவ்வேளையில், தொழுகைத் தொப்பி அணிந்த ஒருவர் கடைக்குள் நுழைந்தார். கல்லாவில் இருந்தவர் உடனே எழுந்து இடம் விட்டார்.

"தொழுதாச்சா அலீம் பாய்? உங்க கடைய நல்லாப் பார்த்துக்கிட்டேன். இந்தப் பொண்ணு கவர்ன்மெண்ட்லேர்ந்து வந்து கேட்டுச்சு, நீங்க சேர்றதா சொல்லிட்டேன். ஆறு சனிக்கிழமை, பாசிர் ரிஸ்."

இனியா டேப்லெட்டை வந்தவர் பக்கம் திருப்பினாள். அலீம் பாய் திரையைப் பார்த்தார். பிறகு கல்லாவை விட்டு எழுந்தவரைப் பார்த்தார்.

"மாணிக்கம், என்னை ஒரு வார்த்தை கேட்கணும்னு தோணலியா?"

மாணிக்கம் செருப்பை நிதானமாக மாட்டிக்கொண்டு, பக்கத்தில் இருந்த தம் பூக்கடையை நோக்கித் திரும்பினார்.

"போன தைப்பூசத்துக்கு நான் டேங்க் ரோடு கோயிலுக்குப் போயிருந்தப்ப, என் கல்லாவுல உட்கார்ந்து நீங்க சரின்னு சொன்னீங்களே பாய், அதே கிளாஸ்தான். நான் ஒரு சனிக்கிழமைகூட விடலை."