வந்தானா, வரலையா?

"அந்தப் பையன் உங்கிட்ட வந்தானா, வரலையா? அத மட்டும் சொல்லும்மா, போதும்."

பொன்னுரங்கம் கதவைத் தட்டிய வேகத்தில், தங்கமணி உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு ஓடிவர வேண்டியிருந்தது. கச்சிராயபாளையத்தில் கரும்பு போட்டிருப்பவர். அவளுக்கு ஒரே தெரு, மாமா முறை. டவுன் பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சிக் கல்லூரிக்கே வந்துவிட்டார்.

மாணவர்களின் மனக்கஷ்டத்தைக் கேட்டு ஆலோசனை சொல்லும் வேலைக்கு, அந்தக் கல்லூரியில் பயிற்சியில் இருந்தாள் தங்கமணி.

"எந்தப் பையன் மாமா?"

"சின்னதுரை. எலவனாசூர்கோட்டை. இங்கதான் எம்.எஸ்சி. படிக்கிறான். நம்ம பொண்ணு செவ்வந்திக்குப் பேசிக்கினு இருக்கோம். வெள்ளிக்கெழம தட்டு மாத்தணும். மனசு செரியில்லாத புள்ளைங்க எல்லாம் உங்கிட்ட வந்துதான் கொட்டுதாமே?"

"அதச் சொல்லக்கூடாது மாமா."

"நல்லவன்னா நல்லவன்னு சொல்லிட்டுப் போயேன். இன்னா இப்ப?"

"யாரு வந்தாங்க, யாரு வரலன்றதையே வெளிய சொல்லக்கூடாது. பயிற்சில மொத நாளே இதத்தான் சொன்னாங்க. மீறினா என்னை அனுப்பிடுவாங்க."

பொன்னுரங்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நான் இன்னா அசலூர்க்காரனா? ஒரு பொண்ணோட வாழ்க்கைம்மா. வாயால சொல்ல வேணாம். சும்மா தலைய ஆட்டு."

தங்கமணி கழுத்தை விறைப்பாக வைத்துக்கொண்டாள். தெரியாமல் அசைந்துவிட்டால்கூட அவர் அதற்கு ஓர் அர்த்தம் கண்டுபிடித்துவிடுவார்.

"குடியா?"

தங்கமணி எதிர்ச்சுவர்க் காலண்டரையே பார்த்தாள்.

"பொம்பள விவகாரமா?"

"மாமா, யாரப் பத்திக் கேட்டாலும் எங்கிட்ட இதே பதில்தான். நாளைக்கு உங்க பொண்ணப் பத்திக் கேட்டாலும் இதான் சொல்லுவேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எம் பொண்ணா? ரெண்டு வருசமா இந்தக் காலேஜுலதான் படிக்குது. இந்த ரூமு எந்தப் பக்கம் இருக்குதுன்னுகூட அதுக்குத் தெரியாது. கல்யாணம்னு சொன்னேன், ஒரு பேச்சு எதுத்துப் பேசல. அப்பிடி வளத்திருக்கேன்."

சிரிப்பு அடங்கியதும் அவர் முகம் மாறியது. "வரலன்னா வரலன்னு சொல்லிட்டுப் போறதுக்கு இன்னா? நீ இம்மாம் மழுப்பும்போதே தெரியுது. ஏதோ பெருசா இருக்குது."

"ஐயோ மாமா, நான் ஒண்ணுமே சொல்லல!"

"நீ சொல்லவே வேணாம். எனக்குப் புரிஞ்சிட்சு." போனை எடுத்துத் தரகரை அழைத்தார். "வெள்ளிக்கெழம வேணாம்பா... ஆமா, நிறுத்திடு."

"அந்தப் பையன் பேரக் கெடுத்துடாதீங்க மாமா!" தங்கமணிக்கு அழுகையே வந்துவிட்டது. யாரோ பெற்ற பிள்ளை.

"சேச்சே, அதெல்லாம் மாட்டேன்." போனில் தொடர்ந்தார். "ஜாதகம் சேரலன்னு சொல்லிடுப்பா. பொண்ணு படிச்சி முடிக்கட்டும், அப்பறம் பாத்துக்கலாம். நாமதான் அவசரப்பட்டுட்டோம்."

எழுந்து, இரண்டு கையும் எடுத்துக் கும்பிட்டார். "எம் பொண்ணக் காப்பாத்திட்டம்மா. இத உசுரு உள்ளவரைக்கும் மறக்க மாட்டேன்."

அவர் படியிறங்கிப் போகும் வரைக்கும் தங்கமணி அசையாமல் நின்றாள். சின்னதுரை என்ற பெயரையே அவள் இன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேள்விப்படுகிறாள்.

உள்ளறைக் கதவு மெல்லத் திறந்தது. 'எனக்கு இப்ப கல்யாணம் வேணாம்ப்பா, நான் படிக்கணும்' என்று அப்பாவிடம் சொல்ல, ஒரு மாதமாக இந்த அறைக்கு வந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த செவ்வந்தி எட்டிப் பார்த்தாள்.

"அப்பா போயிட்டாராக்கா?"