ஓய்வுபெற்ற மூக்கு

மின்னடுப்பின் கதவிடுக்கில் மூக்கை வைத்தபடி முக்காலியில் குந்தியிருக்கிறார் ஸ்வெலிபான்ஸி. உம்தாதா நகரம் வழியாகப் போன பேருந்துகளை மறித்து, மூட்டைக்குள் ஒளிந்த கஞ்சாவை மோந்தே பிடித்த போலீஸ் மூக்கு அது. வீட்டு உபயோகத்துக்குக் கஞ்சாவைச் சட்டமே அனுமதித்துவிட்ட பிறகு, இப்போது மனைவி நோசுக்கோவின் முழங்கால் தைலத்துக்கு உழைக்கிறது. உள்ளே தகரத் தட்டில் கஞ்சாப் பூ மெல்லச் சூடேறுகிறது. சூடு பத்தாவிட்டால் அது வெறும் புல், மிஞ்சினால் கரி. போன தட்டு கரியாகிவிட்டது. வீட்டில் மிச்சம் இதுதான். வீங்கிய காலை நீட்டி, கையில் பிடிதுணியோடு காத்திருக்கும் நோசுக்கோ, மரியாதையாகக் குலப்பெயர் சொல்லியே சீண்டுகிறாள். "என்ன ரடேபே, தூங்கிட்டீங்களா?" "சும்மா இரு. இன்னும் பச்ச வாசனதான் வருது." "எங்கண்ணனப் பிடிச்ச அன்னிக்கு மட்டும் சட்டுனு மோந்துட்டீங்களே!" அவர் மூக்கை இடுக்கில் இன்னும் அழுத்துகிறார். ஜன்னல் வெயிலில் மூக்கு நுனி வியர்த்து மினுங்குகிறது. திடீரென்று, கடலை வறுத்தாற்போல, பதம் வந்துவிட்ட வாசம். துள்ளி எழுகிறார், நெஞ்சு நிமிர்கிறது, தலையில் இல்லாத தொப்பியைக் கை சரிசெய்கிறது. "யாரும் அசையக் கூடாது! கையத் தூக்கு!" பாதி எழுந்த நோசுக்கோ பிடிதுணியோடு இரண்டு கையையும் உயர்த்தி அப்படியே நிற்கிறாள். "தூக்கிட்டேன். இப்ப தட்ட யாரு எடுக்கிறது?"