மூக்குமுனைக்கு ஆரத்தி

நிலவிலிருந்து திரும்பிய கப்பல் தூத்துக்குடித் தளத்தில் நின்றது. அதன் மூக்குமுனை இன்னும் ஆரஞ்சு நிறத்தில் தகித்துக்கொண்டிருந்தது. மூன்று வருடமாகப் பார்க்காத கணவன் உள்ளே இருக்க, வள்ளிமயில் ஆரத்தி நீரைக் கப்பலுக்கே சுற்றித் தெளித்துவிடுவது என்று தட்டோடு ஓடினாள்.

“மயினி, நில்லுங்க!” நாத்தனார் முத்துப்பேச்சி கையைப் பிடித்தாள். அந்த முனையை ஆலையில் சுட்டெடுத்தவள் அவள்தான்.

“ஏன்ட்டி? மூவாயிரம் டிகிரி தாங்கும்னு பீத்துனியே?”

“தாங்கும். ஹாஃப்னியம்ங்கிற உலோகமும் கார்பனும் பிடிச்ச பிடி அப்படி. ஆனா இந்தச் சூட்டுல தண்ணி பட்டா பீங்கான் மாதிரி விரிசல் விட்டுரும்.”

“விரிசல் விட்டா?”

“வேற முனை செய்ய ஆறு மாசம். அதுவரைக்கும் கப்பல் கிளம்பாது.”

“உங்க அண்ணன்?”

“அண்ணனும்தான். ஆறு மாசமும் வீட்லதான்.”

வள்ளிமயில் தட்டைப் பார்த்தாள். முனையைப் பார்த்தாள். மெல்ல அதன் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

“மயினி! அது நான் செஞ்ச மொத முனை!”

வள்ளிமயில் நின்றாள். சிரிப்பு வந்துவிட்டது. தட்டை முத்துப்பேச்சிக்கு மூன்று முறை சுற்றி, நெற்றியில் பொட்டு வைத்தாள். அதற்குள் பின்கதவு வழியாக இறங்கி வந்துவிட்டான் அவள் கணவன் சுடலைக்கண்ணு.

“ஏட்டி, வந்தது நானுல்லா?”

“சும்மா உக்காந்து வந்தவருக்கு ஆரத்தி கேக்குதோ? அம்புட்டுச் சூட்டையும் வாங்கிக்கிட்டு உங்களக் கொண்டாந்தது இவ கைவேலை. உங்களுக்கு வீட்ல சாளைமீன் குழம்பு இருக்கு, நடங்க!”